செங்கண்ணி சாகவில்லை என்று சொன்னவன்

அந்த உப்புத்தாளைக் கொஞ்சம் கீழே வையுங்கள் அண்ணா. அரை மணி நேரம் போதும், சொல்லி முடித்துவிடுவேன். கேட்ட பிறகும் அழிக்கத்தான் வேண்டும் என்றால் அழித்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். தடுக்க எனக்கென்ன உரிமை? லாரி நாச்சிமுத்து அண்ணனுடையது. படம் நீங்கள் போட்டது. நான் நடுவில் யார்?

இல்லை இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் எல்லாம் இல்லை. சத்தமாகப் பேசுவதா? அந்தப் பக்கம் வெல்டிங் ஓடுகிறதே என்று எனக்கும் தெரிகிறது. என் குரலே இவ்வளவுதான் அண்ணா. வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

என் பேர் மௌலீஸ்வரன். மௌலி என்றால் போதும். நாமக்கல் ரோட்டில் கோழித்தீவன ஆலை ஒன்று இருக்கிறதே, அங்கே ஆய்வகத்தில் வேலை. மக்காச்சோள லோடு வந்ததும் மூட்டையில் குழாயைக் குத்தி, மணியை எடுத்து, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பது என் பொறுப்பு. பதினாலுக்கு மேலே போனால் லோடு திரும்பிப் போக வேண்டியதுதான். "ஒரே ஒரு புள்ளி கொறைச்சுப் போடு சாமி" என்று எத்தனை டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு புள்ளிகூடக் குறைத்தது கிடையாது. எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் நாச்சிமுத்து அண்ணன் தாவணகெரேயிலிருந்து சோளம் ஏற்றி வந்தார். வரிசையில் முப்பது வண்டி நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, வக்கீலுக்குப் படிக்கறீங்களா? இத்தனை தடியா இருக்குது?"

"கதைங்கண்ணா."

"அட! இத்தனையும் ஒரே கதையா? யாரைப் பத்தி?"

"ஒரு யாளியைப் பத்தி. கடல் வத்திப்போன ஒரு தேசம். அங்க உப்புமூட்டை சுமந்துக்கிட்டு பாலைவனத்துல போற யாளி."

"அப்ப லோடு அடிக்குதுன்னு சொல்லுங்க."

"ஆமாங்க."

"எத்தனை டன்னு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "ரிட்டன் லோடு உண்டுங்களா, இல்ல காலியாத்தான் திரும்போணுமா?" என்று கேட்டார். அந்தப் புத்தகத்தை அதுவரை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

'உப்புமலை யாளி' என்று பேர். மூன்று பாகம். அந்த யாளி பெண், பேர் செங்கண்ணி. நாங்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். மாயாஜாலக் கதைகள் மட்டும்தான் அதில். காலேஜில் பாடம் எடுக்கிற சுகிர்தா அக்காதான் நடத்துகிறார். வாரம் பத்து அத்தியாயம் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு இரண்டு நிமிடம் குரலில் பேசி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, கதையைச் சொல்லக் கூடாது. முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் கெடுத்துவிடுவார்கள் இல்லையா, அதனால். "கதையில என்ன நடந்துச்சுன்னு வேண்டாம், படிக்கறப்ப உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்பார் அக்கா. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் நான் செய்தது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அண்ணனும் தப்பித்திருப்பார்.

நாச்சிமுத்து அண்ணன் மூன்று பாகத்தையும் வாங்கிவிட்டார் தெரியுமா? பாலித்தீன் பையில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆனால் படிக்க வேண்டுமே. அஞ்சாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அதனால் நான் சொன்னேன், "நான் படிச்சுட்டு உங்களுக்குக் கதையாச் சொல்லி அனுப்பறேங்கண்ணா. வண்டி ஓட்டிக்கிட்டே கேளுங்க." அப்படித்தான் ஆரம்பித்தது. அவரைக் குழுவிலும் சேர்த்துவிட்டேன். குழுவில் படிக்கிறவர்களைத்தான் சேர்ப்பார்கள் என்பதால் "கேட்டேன்னு சொல்லாதீங்க, படிச்சேன்னே சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். இதைப் பொய் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்தானே? காதால் படிப்பதும் படிப்புதானே?

வாரம் இரண்டு தடவை, இருபது நிமிடம் இருபது நிமிடமாக அனுப்புவேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடமிருந்து ஒரு பதில் வரும். திறந்தால் எஞ்சின் சத்தம், காற்று, அதற்கு நடுவில் "உம்". அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இருக்காது.

சிரிக்காதீர்கள் அண்ணா. அந்த "உம்"முக்கு நான் பழகிப்போனவன். என் அம்மாவின் அப்பா, அப்பச்சி, சாயந்தரம் கதை சொல்லும்போது நாங்கள் "உம்" கொட்ட வேண்டும். நின்றால் கதை நின்றுவிடும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் ஆளை எடை போடுவார். என் தங்கை காய்ச்சலில் படுத்திருந்தபோது ராஜகுமாரனின் குதிரை பிழைத்துக்கொண்டது. எதிர்வீட்டு முரடனுக்குச் சொன்னபோது அதே குதிரை கழுத்து முறிந்து செத்தது. ஒரே கதைக்கு ஆளுக்கொரு முடிவு. அவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. கதை என்றால் அப்படித்தான் போல என்று நானும் வளர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் நான் என்ன பேசுவேன் தெரியுமா? "நடை அருமை. வருணனை சிறப்பு." இவ்வளவுதான் வரும். முழுசாய்ப் படித்தவன் நான், எனக்குள் ஒன்றும் நடக்காது. நாச்சிமுத்து அண்ணன் பேசுவார் பாருங்கள்: "லோடு இறக்குன பொறவு வண்டி ஒரு துள்ளு துள்ளுங்க, ஸ்டியரிங்க்ல கை வெச்சாலே தெரியும். செங்கண்ணி முதுகுல இருந்து மூட்டைய எடுக்கறப்ப எனக்குக் கை துள்ளிருச்சுங்க." அப்புறம் நாற்பது பேரும் இதயமாய் அனுப்பித் தள்ளுவார்கள். "இதுதாங்க வாசிப்பு" என்று சுகிர்தா அக்கா எழுதுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். பெருமைதான். பெருமை மட்டும்தான்.

சரி, முடிவுக்கு வருகிறேன்.

மூன்றாம் பாகத்தை நான் மாசி மாதம் முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் செங்கண்ணி செத்துப்போகிறது அண்ணா. இருபது வருடம் சுமந்துவிட்டு, உப்பு வாசலில் கடைசி மூட்டையை இறக்கியதும் படுத்துவிடுகிறது. அப்புறம் எழுவதில்லை. இதை எப்படி நான் அவரிடம் சொல்வது? அவர் தன் பழைய வண்டியைப் பற்றி ஒருநாள் சொல்லியிருந்தார். பதினாறு வருடம் ஓட்டிய வண்டி. உடைப்புக்குப் போட்டபோது கூடவே போய் நின்றாராம். கேஸ் வைத்து அறுக்க அறுக்கப் பார்த்துக்கொண்டே நின்றாராம். ஸ்டியரிங்கை மட்டும் கேட்டு வாங்கி வந்து வீட்டில் மாட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன் ஒவ்வொரு வாரமும் என்னைக் கேட்பார், "செங்கண்ணிக்கு ஒண்ணும் ஆகலீங்கல்ல தம்பி?" என்று. தாங்குவாரா? வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர் வேறு. அவர் நல்லதுக்காகத்தான் மாற்றினேன். சத்தியமாக அவர் நல்லதுக்காகத்தான்.

"கடைசி மூட்டைய இறக்குனதும் மண்ணு ஈரமாச்சுங்கண்ணா. வத்திப்போன கடல் திரும்பி வந்துச்சு. செங்கண்ணி முழங்கால் தண்ணியில இறங்கி, ஒருக்கா திரும்பிப் பாத்துட்டு, உள்ள நடந்து போயிருச்சு." இப்படிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நூற்றுக்கணக்கான பக்கம் படித்தபோது வராத சிலிர்ப்பு, நானே இட்டுக்கட்டிய நாலு வரியில் வந்தது.

அன்றைக்கு வந்த "உம்" வேறு மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் "கடைசி அத்தியாயம் படிச்சு வண்டிய நிறுத்திட்டு அழுதேனுங்க" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் "நானும் அழுதேன்", "நானும்தான்" என்று போட்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே அழுகையாகத்தான் இருந்தது.

அப்புறம் பங்குனியில் அவர் உங்களிடம் வந்தது உங்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்க்கிற யாளி, முதுகில் பாரம் இல்லாமல். கீழே 'பாரம் இறக்கியாச்சு' என்று எழுத்து. படத்தை எனக்குத்தான் முதலில் அனுப்பினார், "எப்படி இருக்குதுங்க தம்பி? கண்ணு சரியா வந்திருக்குதுங்களா?" என்று கேட்டு. நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? "தத்ரூபம்" என்று.

சித்திரையில் குழு முதன்முறையாக நேரில் கூடியது, ஒரு டியூஷன் சென்டர் மாடியில். எல்லாரும் முழுசாகப் படித்து முடித்தவர்கள், அதனால் அன்றைக்குக் கதையைத் தாராளமாகப் பேசலாம் என்று சுகிர்தா அக்கா சொல்லிவிட்டார். அது எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் சலவைச் சட்டை போட்டு, மூன்று பாகத்தையும் மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குக் கைதட்டல் ஓயவில்லை. மைக்கைக் கொடுத்தார்கள். அவர் உப்பு வாசலிலிருந்து ஆரம்பித்து, மண் ஈரமானதை, கடல் திரும்பியதை, செங்கண்ணி இறங்கிப்போனதை, நான் சொன்னபடியே, நான் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னார். நான் அந்த நேரம் தண்ணீர் குடிக்கக் கீழே போயிருந்தேன். அப்புறம்தான் மற்றவர்கள் சொல்லி...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. நான் மேலேதான் இருந்தேன். மூன்றாவது வரிசை.

ரித்திக் என்று ஒரு காலேஜ் பையன், குழுவிலேயே வேகமாகப் படிக்கிறவன், எழுந்தான். "அண்ணே, ஒரு நிமிஷம். செங்கண்ணி செத்துப்போச்சுங்களே. கடைசி அத்தியாயம் பூரா அதுதானே? நீங்க படிச்சீங்களா, இல்ல அட்டையப் பாத்தே அழுதுட்டீங்களா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வழி தவறின இடத்தில் டிரைவர்கள் இறங்கி ஆளைத் தேடுவார்கள் பாருங்கள், அந்தப் பார்வை. "தம்பி, நீங்க சொல்லுங்க" என்கிற மாதிரி. நான் எழுந்து, "அவர் மேல தப்பு இல்லைங்க, மாத்திச் சொன்னது நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். என் குரலுக்குக்கூட அது பாரமில்லை. நான் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன் அண்ணா. சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிரித்தேன். அதை அவர் பார்த்தார்.

பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்: "அது ஒண்ணுமில்லைங்க, ராத்திரி ஓட்டற தூக்கக் கலக்கத்துல நான்தான் ஏதோ மாத்திப் படிச்சுட்டனாட்ட இருக்குது." என் பேரைச் சொல்லவில்லை. மைக்கைப் பதமாய் மேசையில் வைத்தார். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சாயந்தரம் குழுவில் சின்ன எழுத்தில் வந்தது, நாச்சிமுத்து வெளியேறினார் என்று.

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இல்லை... நான் கூப்பிடவில்லை. எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். உங்களிடம் பேச ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் வாய் வழுக்குகிறது, பாருங்கள். கேட்கிறவர் முகம் சுருங்கினால் என் நாக்கு தானாக வேறு வழியில் போய்விடுகிறது.

போன மாதம் லோடு கொண்டுவந்தார். வரிசையில் நாலு மணி நேரம் நின்றார். ஜன்னல் பக்கம் வரவே இல்லை, கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். குழாயைக் குத்தி மணியை எடுத்தேன். "ஈரம் எவ்வளவுங்க சார்?" என்று கேட்டார்.

சார்.

தம்பி இல்லை. வயசில் பாதிகூட இல்லாத என்னை. பதின்மூன்று புள்ளி ரெண்டு என்றேன். அது உண்மை. "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

இன்றைக்குக் காலையில் வாட்ச்மேன்தான் சொன்னார், "உங்க டிரைவரு வண்டிய பெயிண்ட்டுக்கு விட்டிருக்காரு, பின்னால இருக்கற மிருகத்தை அழிக்கறாராம்" என்று. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். அவமானத்தில் அழிக்கிறார் அண்ணா. எனக்காக அவர் மானத்தை விட்டார், இப்போது இதையும் அழித்துவிட்டால் நான் செய்த ஒரே நல்ல காரியம்கூட...

என்ன? முழுசாக அழிக்கவில்லையா?

எழுத்து இருக்கட்டும் என்றாரா? 'பாரம் இறக்கியாச்சு' அப்படியே இருக்கட்டும் என்றாரா? அப்புறம் எதை அழிக்கிறீர்கள்? அலையை. நிற்கிற யாளியை. அதற்குப் பதில்?

படுத்த மாதிரியா?

அது... இருங்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? செத்துப்போச்சு என்று மட்டும்தானே ரித்திக் சொன்னான். படுத்தது, சேணத்தை அவிழ்த்தது, கூடவே நடந்து வந்த பொண்ணு அதன் தும்பிக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது, இதெல்லாம் உங்களிடம் சொன்னாரா? யார் அவருக்குச் சொன்னது? நான் சொல்லவில்லையே.

காட்டுங்கள், அண்ணன் விட்டுப்போன அந்த மஞ்சப்பையில் என்ன? மூன்றாம் பாகம்.

கிரீஸ் விரல். பக்கத்துக்குப் பக்கம். இது என்ன, ஓரத்தில் பென்சில் கோடு, அதன் பக்கத்தில் ஊர்ப் பெயர்? 'சிரா டோல்.' அரைப் பக்கம் தள்ளி 'தும்கூர் டீக்கடை'. 'ஓசூர் செக்போஸ்ட்'. எங்கே நிறுத்தினாரோ அங்கே கோடு போட்டிருக்கிறார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறார் அண்ணா. நிற்கிற இடத்தில் எல்லாம் படித்திருக்கிறார். கடைசிப் பக்கம்... கடைசிப் பக்கத்தில், 'தீவன மில், வரிசையில்'.

அப்போ அந்த நாலு மணி நேரம். என் ஜன்னலுக்கு இருபது அடி தள்ளி. கண் சிவந்தது தூக்கத்தால் இல்லை.

தாங்க மாட்டார் என்று நினைத்தேன். படித்துவிட்டு, அப்படியே இறங்கி வந்து, ஈரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். தாங்கிவிட்டார். தாங்கினது மட்டும் இல்லை, வண்டி பின்னால் போட்டு ஊர் முழுக்கக் காட்டப்போகிறார். ஒரு யாளி செத்துப்போனதைக் கேட்கக்கூட லாயக்கில்லாத மனுஷன் என்று அவரை முடிவு கட்டினவன் நான்தானே?

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? "மில்லுல இருந்து ஒருத்தர் வந்தாலும் வருவாரு, வந்தா அந்தக் கடைசிப் பாகத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, படம் போடச் சௌகரியமா இருக்கும்" என்றாரா? ஒருத்தர் என்றா சொன்னார்? தம்பி என்று சொன்னாரா, சார் என்று சொன்னாரா? ஞாபகம் இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அண்ணா. அது எனக்கு ரொம்ப முக்கியம்.

தம்பி என்றாரா? நிஜமாகவா?

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள், இல்லையா?

கொஞ்சம் முன்னாடி ஞாபகம் இல்லை என்றீர்களே. பையன் அழுகிற மாதிரி இருக்கிறானே என்று சொல்லிவிட்டீர்கள். உங்களைத் தப்பு சொல்லவில்லை. எவ்வளவு இனிப்பாக இருக்கிறது தெரியுமா? வயிறு வரைக்கும் இனிக்கிறது. ஆனால் இதை நம்பி நாலு மணிக்கு அவர் படத்தைப் பார்க்க வரும்போது நான் பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே போய் நின்றால், அவர் "வாங்க சார்" என்று சொன்னால், அப்போது நான் எங்கே பார்ப்பேன்? மூன்றாவது வரிசையில் யாரைத் தேடுவேன்?

வேண்டாம் அண்ணா. ஞாபகம் இல்லை என்றே இருக்கட்டும்.

புத்தகத்தைக் கொடுங்கள். நீங்கள் சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். தலை எந்தப் பக்கம், முன்கால் எப்படி மடிந்திருக்கிறது எல்லாம் இதில் இருக்கிறது. ஒரு எழுத்து மாற்றாமல் படிக்கிறேன். அவர் வருகிறவரைக்கும் படிக்கிறேன், வந்த பிறகும் நிறுத்தாமல் அவர் முன்னாலும் படிக்கிறேன். அப்புறம் அவர் என்ன கூப்பிடுகிறாரோ கூப்பிடட்டும்.

'உப்பு வாசலில் அன்று காற்று இல்லை. கடைசி மூட்டை இறங்கியதும் செங்கண்ணி தன் நிழலைப் பார்த்தாள். பிறகு வலது முன்காலை முதலில் மடித்து...'

இல்லை அண்ணா, "உம்" கொட்டாதீர்கள். தயவுசெய்து. நீங்கள் "உம்" கொட்டினால் எனக்கு இவளை எழுப்பிவிடத் தோன்றும்.